வள்ளூருக்குப் பக்கத்தில் ஒரு தீவு: குடும்பத்தோடு பழவேற்காடு போகிறவர்களுக்கு

வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைப்பது அபூர்வம். வார ஓய்வோடு ஒரு பண்டிகை நாள் ஒட்டிக்கொண்டால்தான் உண்டு. அப்போது வீட்டில் தீவுப் பேச்சு எழும். அந்தமான் என்றால் சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தாத்தா பாட்டி, பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேருக்கு டிக்கெட் போட்டால் போனஸ் பணம் அதோடு சரி. ராமேஸ்வரம் ஒரு ராத்திரி ரயில் பயணம். மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளில் பெரும்பாலானவற்றில் பொதுமக்கள் கால் வைக்கவே அனுமதி இல்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்குக் கிழக்கே, உப்பங்கழியைத் தாண்டினால் வருவது ஒரு தீவு. காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதன் வடகோடியில், வள்ளூரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள், மணலும் சவுக்கும் கலங்கரை விளக்கமும் மீன்பிடிக் குப்பங்களுமாக இருக்கும் இடம்தான் பழவேற்காட்டுக் கடற்கரை. காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

ஆனால் இது ஓட்டலும் ஊஞ்சலும் போட்டு வைத்த சுற்றுலாத் தீவு கிடையாது. இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம். எந்த மாதம் போவது, எங்கே குளிப்பது, எங்கே குளிக்கவே கூடாது, தட்டில் என்ன மீன் விழும் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. அதைப் புரிந்துகொண்டு போனால் பயணம் இனிமையாக இருக்கும், பத்திரமாகவும் இருக்கும்.

தீவு எப்படி உண்டானது

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கே எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது. வடக்கே பழவேற்காட்டில் ஏரி கடலில் சேர்கிறது. கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். நாலு பக்கமும் நீர் சூழ்ந்த இந்த ஒல்லியான மணல் திட்டுக்குக் காட்டுப்பள்ளித் தீவு என்று பெயர். முகத்துவாரத்துக்கு வடக்கே இதே மாதிரி இன்னொரு நீண்ட மணல் தீவு. அதுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. அந்த இரண்டாவது தீவு வங்கக் கடலுக்கு அணை போட்டது போல நிற்பதால் அதன் மேற்கே தேங்கியிருப்பது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உரியது.

இந்தத் தீவுகளைக் கட்டியது அலை. சோழமண்டலக் கரையில் வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் அலைகள் தெற்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. அவை மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே போகும். வழியில் எதையாவது கட்டினால் அதற்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகலமானதும், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரைக்குக் கல் கொட்ட வேண்டி வந்ததும் இதே காரணத்தால்தான். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்ப்பதற்கும் இதுவே அடிப்படை. மணல் ஓட்டம் மாறினால் இந்த ஒல்லித் திட்டு அறுந்துபோகும், ஏரி கடலோடு கலந்துவிடும் என்பது அவர்கள் பயம்.

ஏரிக்கு நன்னீர் தருவது தெற்கே ஆரணி ஆறு, வடமேற்கே காளங்கி, வடக்கே சொர்ணமுகியின் கிளை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஆறுகள் பெருகி வந்து முகத்துவாரத்தை அகலத் திறந்துவிடும். கோடையில் ஆற்றுநீர் நின்றுபோக, கடல் தள்ளிய மணல் முகத்துவாரத்தை அடைக்கத் தொடங்கும். சில வருடங்களில் முழுக்கவே மூடிக்கொள்ளும். ஏரி பெரிய தாம்பாளம் மாதிரி. பரப்பு அதிகம், ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். வாய் மூடிய கோடையில் வெயில் அந்த நீரைக் காய்ச்சிக் கடல்நீரைவிட உப்பாக்கிவிடும். மழைக்காலத்தில் அதே நீர் கிட்டத்தட்ட நன்னீராக இருக்கும். பறவையும் மீனும் இறாலும் இந்த உப்புக் கணக்கின்படி வந்து போகின்றன. நாமும் அதைப் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டும்.

எந்த மாதம் போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய உள்ள காலம்தான் குடும்பத்துக்கு ஏற்றது. மழை ஓய்ந்திருக்கும், வெயில் தாங்கும், வலசை வந்த பறவைகள் ஏரியில் இருக்கும், முகத்துவாரம் திறந்திருப்பதால் மீன்வரத்தும் நன்றாக இருக்கும்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். அப்போது போவதானால் கிளம்பும் நாள் காலையில் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையைப் பார்த்துவிட வேண்டும். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கும் நாளில் நமக்கு அங்கே வேலை இல்லை. மார்ச் தொடங்கினால் வெயில் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் நண்பகல் மணலில் குழந்தைகளை நிறுத்த முடியாது. அந்த மாதங்களில் போயே ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் போய்ப் பத்து மணிக்குள் திரும்புவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலை நேரம் காற்றோட்டமாக இருக்கும், ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்கள் உண்டு.

காணும் பொங்கல் அன்று மட்டும் யோசித்து முடிவெடுங்கள். சுற்று வட்டார ஊர்களெல்லாம் அன்றைக்குப் பழவேற்காட்டில்தான் இருக்கும். வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். கடலில் இறங்கப் போலீசார் விடமாட்டார்கள். ஒரு வாரம் தள்ளிப் போனால் அதே கடல், அதே பறவை, பாதிக் கூட்டம்.

எப்படிப் போவது

ரயிலில் போகிறவர்கள் சென்னை - கும்மிடிப்பூண்டி புறநகர் வழியில் பொன்னேரியில் இறங்க வேண்டும். அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஏறினால் கொஞ்ச நேரப் பயணம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு நடுவில் கவரைப்பேட்டை ஒன்றுதான். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காட்டுக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், பஸ் உண்டு. திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோவோ வாடகை வண்டியோ பேசிக்கொள்வது நிம்மதி; கலங்கரை விளக்கப் பக்கம் போவதற்கும் அதே வண்டி உதவும்.

சொந்த வண்டி என்றால் மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம் என்று போகலாம். தேசிய நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் தச்சூர் கூட்டுச்சாலையில் பொன்னேரிக்குத் திரும்ப வேண்டும். காட்டுப்பள்ளி வழியாகக் கடலோரமாகவே போனால் குறுக்கு வழி என்று போன் வரைபடம் ஆசை காட்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கிக்கொண்டால் அந்தக் குறுக்கு வழி நீண்டுவிடும். குடும்பத்தோடு போகும்போது பொன்னேரி வழியே மேல்.

நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் ஏரிக்கரை. அது பறவைக்கும் மீன் ஏலத்துக்கும் ஏற்ற நேரம். ஒன்பது மணிக்கு மேல் ஊருக்குள் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டம், கோயில், மசூதி. பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை நிழல், சாப்பாடு, சற்று ஓய்வு. மூன்றரைக்கு மேல் பாலம் தாண்டிக் கடற்கரை. இருட்டுவதற்கு முன் வண்டி ஏறிவிட வேண்டும். ஊரில் பெரிய ஓட்டல்களை எதிர்பார்க்க முடியாது. இரவு தங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பொன்னேரிப் பக்கமோ சூலூர்ப்பேட்டையிலோ பார்த்துக்கொள்வது சரி.

ஊருக்குள் 400 வருடம்

பழவேற்காட்டில் முதலில் பார்க்க வேண்டியது டச்சுக் கல்லறைத் தோட்டம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசல் தூண்கள் இரண்டிலும் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கியிருப்பார்கள். பிள்ளைகள் முதலில் பயந்து பிறகு அதன் பக்கத்திலேயே நின்று போட்டோ கேட்பார்கள். உள்ளே கிடக்கும் கற்பலகைகளில் 17-ம் நூற்றாண்டு டச்சு எழுத்துகளும் குடும்பச் சின்னங்களும் இன்னும் கூர்மை குறையாமல் இருக்கின்றன.

டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரை முழுவதிலும் அவர்கள் நடத்திய வியாபாரத்துக்குப் பழவேற்காடுதான் தலைநகரம். மதராசில் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கியது 1639-க்குப் பிறகுதான். அதாவது சென்னைப்பட்டினம் உருவாகும் முன்பே இந்த ஏரிக்கரையில் உலக வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. கட்டம் போட்ட பருத்தித் துணிகள் இங்கிருந்து கப்பலேறி இந்தோனேசியத் தீவுகளுக்குப் போயின. அங்கே அவற்றைக் கொடுத்து மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கினார்கள். இங்கே வெடிமருந்தும் தயாரித்தார்கள். துணி ஏறிய அதே கப்பல்களில் மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். பஞ்ச காலங்களில் அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள் இந்தத் துறையிலிருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அனுப்பப்பட்டார்கள். விவரம் தெரியும் வயதுப் பிள்ளைகளிடம் இதையும் சொல்ல வேண்டும்.

இன்று கோட்டை இருந்த இடத்தில் மேடும் புதரும் அகழியின் தடமும்தான். 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, வியாபாரம் மொத்தமும் சென்னைக்குப் போய்விட்டது. மிஞ்சியவர்கள் மீனவர்களும், பல தலைமுறைக் கடல் வணிகத்தின் வாரிசுகளான தமிழ் முஸ்லிம் குடும்பங்களும். அந்தக் குடும்பங்களின் பெண்கள் பனையோலையில் கூடை, பெட்டி, விசிறி முடைகிறார்கள். விற்பனைக்கு இருந்தால் வாங்குங்கள்; பேரம் பேசி வயிற்றில் அடிக்க வேண்டாம்.

பூநாரை பார்ப்பது

பெரும்பாலான குடும்பங்கள் பழவேற்காடு என்றதும் பூநாரையைத்தான் கேட்கும். தமிழ்நாட்டுப் பகுதி ஏரி 1980-லிருந்தே பறவைகள் சரணாலயம். பூநாரைக்கு நீண்ட கால், நீண்ட கழுத்து, வளைந்த அலகு. அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்றுநீரை உறிஞ்சி, பாசியையும் நுண்ணிய கூனிகளையும் சலித்துத் தின்னும். இறக்கையின் ரோஜா நிறம் அந்த இரையில் உள்ள நிறமிகளிலிருந்து வருகிறது. இளம் பறவைகள் சாம்பலாக இருப்பதற்கு இன்னும் அந்த நிறம் சேராததே காரணம்.

பூநாரை நிற்க முழங்கால் ஆழ நீர் வேண்டும். மழை அதிகமாகி ஏரி நிறைந்திருந்தால் அவை ஆழம் குறைந்த வடக்குப் பகுதிக்கு நகர்ந்துவிடும். அதனால் ஒரு வருடம் கரையிலிருந்தே கூட்டம் கூட்டமாகத் தெரியும், மறு வருடம் தொடுவானத்தில் வெள்ளைக் கோடாக மட்டும் தெரியும். இரண்டுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்து கூட்டிப் போங்கள். பைனாகுலர் ஒன்று இரவல் கிடைத்தாலும் பெரிய உதவி.

ஏரியின் மேற்குக் கரையில், தேவம்பட்டுப் பக்கம் உள்ள அண்ணாமலைச்சேரி, பறவை பார்ப்பவர்கள் வழக்கமாகப் போகும் இடம். இன்னொரு வழி, ஆந்திரத்தில் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை. அது ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதால் இருபுறமும் பறவைகள் தெரியும். இரண்டு நாள் இருந்தால் நேலப்பட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்; கூழைக்கடாக்கள் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் சரணாலயம் அது. எங்கே போனாலும் பறவைக் கூட்டத்தை நோக்கி நடக்காதீர்கள், கை தட்டிப் பறக்க விடாதீர்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் உள்ளான்களும் இங்கே இரை தேடிக்கொண்டிருக்கும். திரும்பும் பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்க அவற்றுக்கு இருப்பது சில மாதங்கள்தான். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது.

கடற்கரை: எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது

ஊரிலிருந்து பாலம் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம். அங்கிருந்துதான் தீவின் மணல் தொடங்குகிறது. கடலைப் பார்த்து உட்கார, பிள்ளைகள் மணல் தோண்ட, கிளிஞ்சல் பொறுக்க அருமையான இடம். குளியல் என்று வரும்போதுதான் கண்டிப்பு வேண்டும்.

கடல் நாளொன்றுக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம். வற்றம் தொடங்கியதும் பரந்து கிடக்கும் ஏரி நீர் அத்தனையும் முகத்துவாரம் என்ற ஒரே சந்து வழியாகக் கடலுக்கு ஓடுகிறது. மேலே பார்த்தால் தண்ணீர் சாதுவாகத் தெரியும். இடுப்பளவு நீரில் நிற்கும் பெரியவரையே அந்த ஓட்டம் சாய்த்துவிடும். அடியில் மணல் நாளுக்கு நாள் இடம் மாறுவதால் நேற்று ஆழமில்லாமல் இருந்த இடம் இன்றைக்குக் குழியாக இருக்கும். எனவே முகத்துவாரத்தில் யாரும், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும்கூட, இறங்கக் கூடாது.

திறந்த கடற்கரையில் கணுக்கால் நனைய நிற்பதோடு நிறுத்திக்கொள்வது உத்தமம். அலைகள் உடையும் வரிசையில் ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாக, கலங்கலாகத் தெரிந்தால், அங்கே நீர் கடலுக்குள் திரும்பி ஓடுகிறது என்று பொருள். பத்திரமான இடம் என்று ஏமாந்து பலர் இறங்குவது அங்கேதான். அதில் சிக்கியவர் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். கரையில் நிற்பவர் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ காலி தண்ணீர் கேனோ வீசி, மீனவர்களைக் கூப்பிட வேண்டும். பல குடும்பங்களில் ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போயிருக்கிறார்கள். 108 ஆம்புலன்ஸுக்கு, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு. இரண்டையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படகு ஏறலாமா

தமிழ்நாட்டுப் பக்கம் பழவேற்காட்டில் யாராவது படகில் ஒரு சுற்று கூட்டிப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணம் இந்தப் பகுதிக்காரர்களுக்கு மறந்திருக்காது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளன்று, கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து உறவினர்களாகச் சேர்ந்து உல்லாசப் பயணம் வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. மீன்பிடிப் படகுகளில் பயணிகளை ஏற்றுவதற்கு அதன் பிறகு தடை வந்தது.

ஃபைபர் படகு மீன்பிடிக்க ஏற்றது. வலையோடு நாலைந்து பேர் போகும்போது பாரம் அடியில் இருக்கும். அதே படகில் இருபது பேர் விளிம்பில் உட்கார்ந்தும் எழுந்து நின்றும் போனால் பாரம் மேலே ஏறிவிடுகிறது. முகத்துவாரத்தில் அலை பக்கவாட்டில் அடிக்கும்போது எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு நிமிர வழியில்லை. ஓட்டுகிறவர் எவ்வளவு அனுபவசாலி என்றாலும் இதை மாற்ற முடியாது.

படகில் ஏறி ஒரு தீவில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லைக்குள் வரும் இருக்கம் தீவை நினைக்கலாம். ஏரி நடுவில், தடா மண்டலத்தில் இருக்கும் மீனவத் தீவு. அங்கே பேசுவது தமிழ். அந்தப் பக்கத்துப் பீமுலவாரிபாலெத்தில் படகுத்துறை இருக்கிறது. ஏறுவதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள்: ஏறும் ஒவ்வொருவருக்கும், குழந்தைகள் அளவில் உட்பட, லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்ற கணக்குப்படிதான் ஏற்றுகிறார்களா, காற்று பலமாக இல்லாமல் இருக்கிறதா. ஒன்று குறைந்தாலும் கரையிலேயே இருந்துவிடலாம். தீவு ஒரு குடியிருப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு வீடுகளுக்கு நடுவே நடக்காதீர்கள்.

தட்டில் என்ன விழும்

இறால் முட்டையிடுவது கடலில். பொரிந்த குஞ்சுகள் ஏற்றத்தின்போது முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, அலையடிக்காத ஆழமற்ற நீரில் வளர்ந்து, பருவம் வந்ததும் கடலுக்குத் திரும்பும். மடவை, கொடுவா போன்ற மீன்களுக்கும் இதே போக்குவரத்து உண்டு. முகத்துவாரம் அடைபட்டால் மீனவர்களின் அடுப்பு அணைவது இதனால்தான். கோடையில் மீனவர்கள் தாங்களாகவே சேர்ந்து மணலை வெட்டிவிட்ட வருடங்கள் உண்டு. நிரந்தரமாகத் திறந்து வைக்கக் கற்சுவர் கட்டும் வேலையை அரசு எடுத்ததும் அவர்களின் நீண்ட காலக் கோரிக்கையால்தான்.

ஏரிக்குள் யார் எங்கே வலை கட்டுவது என்பதற்கு 'பாடு' என்ற முறை இருக்கிறது. நல்ல மீன் கிடைக்கும் இடங்களைக் குப்பங்கள் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இன்று ஒரு கூட்டத்தின் முறை, அடுத்த நாள் வேறு கூட்டத்தின் முறை. வலை வசதி இல்லாத இருளர்கள் ஆழமற்ற நீரில் கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். காலையில் ஏலத்துக்கு வரும் கூடைகளைப் பார்த்தால் இந்த எல்லாருடைய உழைப்பும் ஒன்றாகக் கிடப்பது தெரியும்.

வாங்குகிறவர்கள் கவனிக்க: நண்டு உயிரோடு, கால் கட்டியபடி இருக்க வேண்டும், கையில் தூக்கினால் கனமாக இருப்பதில்தான் சதை. முட்டை சுமந்த பெட்டை நண்டையும் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு நண்டையும் விட்டுவிடுங்கள். மீன் என்றால் செவுள் சிவந்து, கண் பளபளவென்று இருக்க வேண்டும். இறால் தலை கழன்று தொங்கினால் பழசு. வீட்டுக்கு எடுத்துப் போக தெர்மகோல் பெட்டியும் ஐஸும் வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரின் டிக்கியில் வைத்தால் பொன்னேரி தாண்டுவதற்குள் கெட்டுவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது ஆழ்கடல் மீன் குறையும், நாட்டுப் படகு மீனும் ஏரி மீனும் விலை ஏறும்.

சமைத்த சாப்பாட்டுக்குச் சிறு மெஸ்கள் உண்டு. பெரிய குடும்பமாகப் போனால் காலையிலேயே எத்தனை பேர் என்று சொல்லி வைக்க வேண்டும். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கும் இட்லியோ சப்பாத்தியோ வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவது நல்லது.

ராக்கெட் நாள்

ஸ்ரீஹரிகோட்டாவில் உள்ள சதீஷ் தவன் விண்வெளி மையத்திலிருந்து முதல் சிறு ராக்கெட் கிளம்பியது 1971 அக்டோபரில். 2023 ஜூலை 14 பிற்பகல் 2.35-க்குச் சந்திரயான்-3 கிளம்பியதும் இங்கிருந்துதான். ஏவும் நாளில் பழவேற்காட்டுக் கரையில் நின்றாலே வடக்கே நெருப்பு எழுவது தெரியும். வெளிச்சம் வந்து சற்று நேரம் கழித்தே உறுமல் காதுக்கு வரும். ஒலி ஒளியைவிட எவ்வளவு மெதுவானது என்பதைப் பிள்ளைகள் அங்கே நின்றே கணக்குப் போடலாம். இன்னும் கிட்டத்தில் பார்க்க விரும்பினால் ஸ்ரீஹரிகோட்டாவில் 2019-லிருந்து பார்வையாளர் மாடம் இருக்கிறது. இஸ்ரோ தளத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையோடு போக வேண்டும். மற்றபடி அந்தத் தீவுக்குள் அனுமதியில்லாமல் நுழைய முடியாது. ஏவும் நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போக விடமாட்டார்கள், அதனால் மீன் அதிகம் இருக்காது. வானிலையால் ஏவுதல் தள்ளிப்போவதும் சகஜம். அதை மட்டும் நம்பிப் பயணம் போடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன்

தலைக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர், தொப்பி அல்லது குடை, மாற்றுத்துணி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி. கழிப்பறை வசதி குறைவு. பொன்னேரியிலேயே முடித்துக்கொண்டு கிளம்பினால் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் சிரமம் இருக்காது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இங்கே போட்ட பை காற்றில் பறந்து ஏரியில் விழுந்து வலையில் சிக்கும் என்பது கூடுதல் காரணம். குப்பையை வண்டியிலேயே திரும்ப எடுத்து வாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும்; இருட்டிய பிறகு மணலில் டார்ச் அடித்து ஆட்டம் போட வேண்டாம்.

தேதி குறிக்கும்போது காலண்டரில் லீவு நாளை மட்டும் பார்க்காமல் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி எப்போது என்றும் பாருங்கள். சென்னைத் துறைமுகத்துக்குச் சொல்லும் ஏற்ற, வற்ற நேரம் இங்கேயும் ஏறத்தாழப் பொருந்தும். ஏரிக்குள் சற்றுத் தாமதமாக வரும். கரையில் நாலு மீனவரிடம் "இன்னைக்கு ஓட்டம் எப்படிண்ணே?" என்று கேட்டால் போன் சொல்லாததையும் சொல்வார்கள். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சினாலும், அன்றைக்கு மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த ஓய்வு நாளில் மறுபடி வரும் தூரத்தில்தானே தீவு இருக்கிறது.